வெளுத்துப்போன எட்டு வால்வுகள்

மேசையில் எட்டுக் கண்ணாடி வால்வுகள் வரிசையாகக் கிடந்தன. எட்டும் செத்தவை. ஒன்றில்கூட ஒரு வெடிப்பு இல்லை.

தர்மிளா ஒன்றைக் கையில் எடுத்து யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஒரு பெரிய கத்தரிக்காய் அளவு இருந்தது. அதன் உச்சியில், கண்ணாடியின் உட்பக்கத்தில், பாலாடை போல ஒரு வெள்ளைத் திட்டு.

"உது வெள்ளி மாதிரி மினுங்கவேணும், தங்கச்சி," என்றார் பட்டறைச் சொந்தக்காரர் கனகலிங்கம். "முகம் பாக்கலாம். காத்து உள்ளை போனால்தான் உப்பிடி வெளுக்கும்."

"அப்ப எட்டுக்குள்ளையும் காத்துப் போயிருக்கு."

"ஓம்."

"எந்த ஓட்டையாலை?"

"அதைத்தானே ஒரு மாசமாத் தேடுறன்."

"என்ரை சைக்கிள் ரியூப் எண்டால் தண்ணிக்குள்ளை அமத்திப் பாக்கலாம்," என்றான் றொசான்.

கனகலிங்கம் சிரிக்கவில்லை. தர்மிளாவும் சிரிக்கவில்லை. றொசானுக்கு அது பழக்கம். மூன்று வருடமாக அவளுடைய உதவியாளனாக இருக்கிறான். அதற்கு முன் முல்லைத்தீவில் ஓட்டோ ஓடியவன். பின்னால் இருப்பவர் சிரிக்காவிட்டாலும் கதைத்துக்கொண்டே ஓடிய பழக்கம் இன்னும் விடவில்லை.

தர்மிளா ஏழு வருடம் காப்புறுதி நிறுவனமொன்றில் விபத்து விசாரித்தவள். பிறகு கிளிநொச்சியில் சொந்தமாக ஒரு துப்பறியும் அலுவலகம் திறந்தாள். முள்ளியவளைக்கு அவள் வழக்கொன்றுக்காக வருவது இதுவே முதல் தடவை.

அந்தப் பட்டறை ஒரு காலத்தில் அரிசி ஆலையாக இருந்தது. இப்போது அங்கே ஒரு மூலையில் கண்ணாடி ஊதும் நெருப்பு, இன்னொரு மூலையில் காற்றை உறிஞ்சும் பம்புகள், நடுவில் அம்பிளிபயர் பூட்டும் நீள மேசை. வால்வு வேலை செய்யும் விதம் ஒன்றும் மாயமில்லை. கண்ணாடிக்குள் ஒரு கம்பியைச் சூடாக்கினால் அதிலிருந்து இலத்திரன்கள் கிளம்பும். எதிரேயுள்ள தட்டு அவற்றை இழுக்கும். இடையில் ஒரு மெல்லிய வலை. பாட்டின் சமிக்ஞை அந்த வலைக்கு வந்து சேரும்; வலை சிறிது தடுத்தால் ஓட்டம் குறையும், சிறிது விட்டால் கூடும். சின்னச் சத்தம் பெரிய சத்தமாவது இப்படித்தான். ஆனால் உள்ளே காற்று இருந்தால் இலத்திரன்கள் அதில் முட்டிக்கொண்டு நிற்கும். ஆகவே வெற்றிடம்தான் வால்வின் உயிர்.

"ஒன்பதாம் தொகுதி," என்றார் கனகலிங்கம். ஒவ்வொரு வால்விலும் ஊசியால் 9 என்று கீறியிருந்தது. "இஞ்சை ரெண்டு நாள் இரவு பகலா எரியவிட்டுப் பாத்தனாங்கள். ஒரு குறையும் இல்லை. சுவிசுக்கு அனுப்பினம். நாலு வீடு, நாலு சோடி. ஒரு மாசத்துக்குள்ளை எட்டும் போச்சு, திருப்பி அனுப்பிப்போட்டினம். அங்கை உள்ளவை என்னை நம்பித்தான் வாங்கினவை."

"நீங்கள் ஆரைச் சந்தேகப்படுறியள்?"

அவர் வாயால் சொல்லவில்லை. கதவடியில் கதிரையில் இருந்த இளம்பெண்ணைப் பார்த்தார். தேனுகா, இருபத்தாறு வயது. நான்கு வருடமாகச் சாமான் களஞ்சியமும் பெட்டி கட்டுவதும் அவளுடைய பொறுப்பு.

"நாலு மணிக்குப் பொலிசுக்குப் போறன்," என்று சட்டைப் பையைத் தட்டினார். முறைப்பாடு எழுதி மடித்து வைத்திருந்தது. "வேணுமெண்டு பழுதாக்கினவள் எண்டு எழுதியிருக்கிறன். அதுக்கு முதல் நீங்கள் ஒருக்கா உறுதிப்படுத்தித் தந்தால் நல்லம்."

"அங்கிள், நான் செய்யேல்லை," என்றாள் தேனுகா. பலமுறை சொல்லிக் களைத்த குரல். "நான் கட்டுற பெட்டிக்குள்ளை முட்டையை வைச்சு ஆலைக் கூரையிலையிருந்து போட்டுப் பாக்கிறனான். ஒரு முட்டையும் உடையேல்லை."

"அந்த முட்டையளை ஆர் சாப்பிட்டது?" என்றான் றொசான்.

"எல்லாரும்தான்."

"அப்ப எல்லாரும் சாட்சி."

அந்த நிலைமையிலும் தேனுகாவின் உதடு கொஞ்சம் அசைந்தது. பொலிசில் ஒரு தடவை பெயர் ஏறினால் இந்தச் சுற்றுவட்டாரத்தில் வேறு எவரும் அவளுக்கு வேலை கொடுக்க மாட்டார்கள் என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும்.

"பெட்டியிலைதான் பிழை எண்டு முதல் முதல் சொன்னது ஆர்?" என்று கேட்டாள் தர்மிளா.

"நான்தான்."

நெருப்பு மூலையிலிருந்து குரல் வந்தது. அல்பேர்ட். ஐம்பத்தைந்து வயது, கரையோர ஆள், அகன்ற கன்னங்கள். பதின்மூன்று வருடமாகக் கனகலிங்கத்தோடு இருக்கிறார். இங்கே செய்யப்படும் ஒவ்வொரு கண்ணாடியும் அவர் வாயால் ஊதியதுதான்.

"என்ரை கண்ணாடி இஞ்சை ரெண்டு நாள் எரிஞ்சு காட்டினது. வழியிலைதான் ஏதோ நடந்திருக்கு," என்றார்.

"அல்பேர்ட் சொன்னால் நான் மறுகதை கதைக்கிறேல்லை," என்றார் கனகலிங்கம்.

பக்கத்து அறையிலிருந்து நாதஸ்வரம் மெல்லக் கேட்டுக்கொண்டிருந்தது. ஊதுபவர் அந்த அறைக்குள் இருந்து மூச்சு வாங்குவது போலிருந்தது. தர்மிளா எட்டிப் பார்த்தாள். ஒரு மர அம்பிளிபயர். அதன் மேல் இரண்டு வால்வுகள் இளஞ்செம்மஞ்சளாய் எரிந்துகொண்டிருந்தன.

"இதுகள் எத்தனையாம் தொகுதி?"

"ஒன்பதுதான். எனக்கெண்டு ரெண்டை எடுத்தனான். இதுகள் பெட்டிக்குள்ளை போகேல்லை. அதாலைதான் உயிரோடை இருக்கு," என்றார் கனகலிங்கம். "இதைவிட என்ன சாட்சி வேணும்?"

அவர் சொன்னதில் பிழை பிடிக்க முடியவில்லை. ஒரே தொகுதி, பெட்டியில் போனவை செத்துவிட்டன, போகாதவை பாடுகின்றன.

"ஐயா, இதை எத்தினை மணிக்கு நிப்பாட்டுவியள்?" என்றான் றொசான். "நாதஸ்வரக்காரர் பாவம், சாப்பிடவேணுமெல்லே."

"நிப்பாட்டுறேல்லை. மூண்டு மாசமா ஒருநாளும் நிப்பாட்டேல்லை. அடிக்கடி அணைச்சால் வால்வுக்கு வயசு குறையும்."

"கரண்ட் போனால்?"

"கூரையிலை சோலார். கீழை பற்றறி. போகாது."

தர்மிளா சட்டென்று திரும்பினாள். "ரெண்டு நாள் எரிய விட்டுப் பாத்தது எண்டனீங்கள். அப்பவும் நிப்பாட்டேல்லையோ?"

"ஏன் நிப்பாட்டுவான்?"

"அப்ப அந்த ரெண்டு நாளும், இந்த மூண்டு மாசமும் இதுகள் சூடாத்தான் இருந்திருக்கு. சுவிசிலை சனம் படுக்கப் போகேக்கை அணைச்சுப்போட்டுத்தானே போகும்?"

கனகலிங்கம் எரிந்துகொண்டிருந்த சோடியைத் திரும்பிப் பார்த்தார்.

"அணையுங்கோ," என்றாள் தர்மிளா. "ஆறவிட்டுத் திரும்பப் போடுவம். நாலு தரம். ஐஞ்சு தரம்."

"அது என்ரை சோடி, தங்கச்சி. அது போச்செண்டால்..."

"போச்செண்டால் தேனுகா செய்யேல்லை."

அவர் நெடுநேரம் ஆளியில் கைவைத்தபடி நின்றார். பிறகு அணைத்தார்.

மேசை விசிறியைப் பக்கத்தில் வைத்து ஆறவிட்டார்கள். அரை மணித்தியாலம். மறுபடி போட்டார்கள், நாதஸ்வரம் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. மறுபடி அணைத்தார்கள். இரண்டாவது தடவையும் ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாவது தடவை றொசான் தேநீரோடு வந்து, "நோயாளி எப்பிடி?" என்றான். நான்காவது தடவை கம்பி சிவக்கத் தொடங்கியதும் இடது வால்வுக்குள் ஊதா நிறத்தில் ஒரு புகை மின்னியது. ஒலிபெருக்கி பொரிந்தது. உச்சியிலிருந்த வெள்ளிப் பூச்சு விளிம்பிலிருந்து உள்நோக்கி வெளுத்துக்கொண்டே போனது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, கால் மணித்தியாலத்தில் அது மேசையிலிருந்த எட்டைப் போலவே ஆகிவிட்டது.

"பெட்டி இல்லை," என்றாள் தர்மிளா. "பிழை வால்வுக்குள்ளைதான். ஆறேக்கை என்ன நடக்குது?"

கனகலிங்கம் கதிரையில் இருந்துவிட்டார். ஆனாலும் கேள்வி அவருடைய வேலையைப் பற்றியது. பதில் சொல்லாமல் இருக்க அவரால் முடியாது. "வால்வின்ரை அடியிலை நாலு கம்பி கண்ணாடியைத் துளைச்சு வெளியிலை வருது. சூட்டுக்குக் கம்பியும் விரியும், கண்ணாடியும் விரியும். ஆறேக்கை ரெண்டும் சுருங்கும். ரெண்டு பேர் ஒரு ஏணியைத் தூக்கிக்கொண்டு போற மாதிரி. ஒரே வேகத்திலை நடந்தால் சரி. ஒருத்தன் கெதியா நடந்தால் ஏணி விழும்."

"அப்ப கம்பி?"

"அதுக்கெண்டு தனிக் கம்பி இருக்கு. உள்ளுக்கு இரும்பும் நிக்கலும் கலந்தது, வெளியிலை செப்புத் தோல். அது கண்ணாடியின்ரை அளவுக்குத்தான் சுருங்கும். வெறும் செப்பெண்டால் ரெண்டு மடங்கு சுருங்கும். மயிரளவு இடைவெளி விழும். பிறகு காத்துக்கு வழி சொல்லிக் குடுக்கத் தேவையில்லை."

"ரெண்டையும் கண்ணாலை பாத்து வித்தியாசம் தெரியுமோ?"

"தெரியாது. ரெண்டும் செப்பு நிறம்தான்." அவர் முகம் மாறியது. மெல்லத் தேனுகாவின் பக்கம் திரும்பினார். "கம்பிச் சுருள் தபாலிலை வந்தால் வாங்கி வைக்கிறது ஆர்? அல்பேர்ட்டுக்கு எடுத்துக் குடுக்கிறது ஆர்?"

தேனுகா கதிரை நுனிக்கு வந்தாள். "நான்தான். ஆனால்..."

"நான் அவள் தந்த கம்பியைத்தான் பாவிச்சன்," என்றார் அல்பேர்ட், நெருப்பைக் குறைத்தபடி.

றொசான் தர்மிளாவின் காதில், "அக்கா, பெட்டியிலையிருந்து காப்பாத்தி, சுருளுக்குள்ளை மாட்டி விட்டுட்டம்," என்றான். அவன் குரலில் இப்போது பகிடி இல்லை.

நேரம் பன்னிரண்டரை.

தர்மிளா எண்ணிப் பார்த்தாள். "சுவிசுக்கு எட்டு. உங்களுக்கு ரெண்டு. ஒன்பதாம் தொகுதியிலை மொத்தம் எத்தினை ஊதினது?"

"பன்ரண்டு."

"மிச்சம் ரெண்டு?"

"அது... அல்பேர்ட் தன்ரை கோயிலுக்கெண்டு ஒரு சனிக்கிழமை தனியா இருந்து ஊதினவன். நான்தான் ஓமெண்டனான்."

அல்பேர்ட் ஒரு கண்ணாடிக் குழாயை எடுத்துத் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார்.

"கரையிலை இருக்கிற மாதா கோயிலோ?" என்றான் றொசான். "அங்கைதானே நான் பூசைக்குப் போறனான். போன ஞாயிறும் சத்தம் நல்ல வடிவா இருந்துது. பிரசங்கம் மட்டும் கொஞ்சம் நீட்டு."

"அங்கை அம்பிளிபயரை அணைக்கிறவையோ?"

"ஒவ்வொரு நாளும். காலமைப் பூசைக்குப் போடுவினம், முடிய அணைப்பினம்." சொல்லி முடித்ததும்தான் தான் என்ன சொன்னான் என்பது அவனுக்கு விளங்கியது. "ஐயோ அக்கா. மூண்டு மாசம். தொண்ணூறு தரம் ஆறியிருக்கு. ஆனால் உயிரோடை இருக்கு. எங்கடை கதை முடிஞ்சுது."

தர்மிளா செத்த வால்வொன்றைத் துவாயில் சுற்றிக் கைப்பையில் வைத்தாள். "மோட்டார் சைக்கிளை எடு."

கோயில் கதவின் திறப்பு கோயிலடியில் இருக்கும் இராசாத்தியிடம் இருந்தது. மீன் கருவாடாகிக்கொண்டிருந்த பாயை விட்டு எழும்பி, கையைக் கழுவிக்கொண்டு வந்தா. றொசானை அவன் பிறந்த நாளிலிருந்து அவவுக்குத் தெரியும்.

"என்னடா, பூசை இல்லாத நேரத்திலை கோயிலுக்கு வாறாய்? பாவம் கூடிப்போச்சோ?"

"இல்லை மாமி. இண்டைக்கு மற்ற ஆக்களின்ரை பாவத்தைப் பாக்க வந்தனாங்கள்."

அம்பிளிபயர் பீடத்துக்குப் பக்கத்து அறையில், ஒரு சின்ன அலுமாரிக்குள் இருந்தது. தர்மிளா பிளக்கைக் கழற்றினாள். உடனே கை வைக்கவில்லை. வால்வு அம்பிளிபயர் அணைந்த பிறகும் கொஞ்ச நேரம் நானூறு வோல்ற்றை வயிற்றுக்குள் வைத்திருக்கும் என்று கனகலிங்கம் எச்சரித்திருந்தார். பத்து நிமிடம் பொறுத்துத்தான் பின் தகட்டைக் கழற்றினாள்.

இரண்டு வால்வுகள். இரண்டிலும் 9 என்ற கீறல். உச்சியில் வெள்ளி பளபளத்தது. குனிந்து பார்த்த றொசானின் மூக்கு அதில் பெரிதாகத் தெரிந்தது. அடியிலிருந்து நான்கு நான்கு செப்பு நிறக் கம்பிகள் வந்து பித்தளைத் திருகாணிகளில் முறுக்கி இருந்தன.

செத்த வால்வை எடுத்துப் பக்கத்தில் பிடித்தாள். அதே கம்பி. அதே நிறம். அதே தடிப்பு.

"அல்பேர்ட் அண்ணைதானே இதைப் பூட்டினவர்?" என்று கேட்டாள்.

"ஓம் பிள்ளை. நேர்த்திக்கடனாக் குடுத்தது," என்றா இராசாத்தி. "அவரின்ரை மனுசி ஒப்பரேசனிலை தப்பினதுக்கு. பூட்டின அண்டைக்கு முழுநாளும் சாப்பிடேல்லை. நான் தேத்தண்ணி குடுத்தும் வேண்டாமெண்டிட்டார். மாதாவுக்குக் குடுக்கிறதிலை குறை இருக்கக்கூடாதெண்டு ஒவ்வொரு ஆணியையும் மூண்டு தரம் இறுக்கினவர்."

தர்மிளா அந்தக் கம்பிகளைப் பார்த்துக்கொண்டே நின்றாள். உள்ளுக்கு இரும்பும் நிக்கலும். வெளியிலை செப்புத் தோல்.

"றொசான். இரும்பைக் கண்டுபிடிக்க என்ன வேணும்?"

"பழைய இரும்பு வாங்கிறவன்."

"காந்தம், மடையா."

அவன் தன் கைபேசியின் உறையைத் திறந்தான். மூடியைப் பிடித்துக்கொள்ள அதன் விளிம்பில் ஒரு சின்னக் காந்தம் தைத்திருந்தது. "எழுநூறு ரூவாக் கவர், அக்கா. பாத்து."

தர்மிளா தையலைப் பிரித்துக் காந்தத்தை வெளியே எடுத்து, இராசாத்தி மடியில் செருகியிருந்த கருவாடு கட்டும் நூலில் கட்டித் தொங்கவிட்டாள். அதைக் கோயில் வால்வின் முதல் கம்பிக்குக் கிட்டக் கொண்டுபோனாள். நூல் சாய்ந்தது. காந்தம் டிக்கென்று கம்பியில் ஒட்டியது. எட்டுக் கம்பியிலும் ஒட்டியது.

பிறகு செத்த வால்வு. காந்தம் முதலாவது கம்பியைத் தொட்டபடி சும்மா ஆடியது. இரண்டாவது, மூன்றாவது, நான்காவது. எதிலும் ஒட்டவில்லை.

றொசான் காந்தத்தை வாங்கி நான்கு கம்பியையும் தானே திரும்பத் தொட்டுப் பார்த்தான். அவன் அல்பேர்ட் குடும்பத்தோடு ஒரே வாங்கில் பக்கத்தில் இருந்து பூசை கேட்பவன்.

"அக்கா, களஞ்சியத்திலை கம்பி மாறியிருந்தால் பன்ரண்டும் மாறியிருக்கவேணும்," என்றான் கடைசியில்.

"ஓம். அந்தச் சனிக்கிழமை தேனுகாவும் இல்லை. கனகலிங்கமும் இல்லை. கோயில் வால்வுக்கு மட்டும் நல்ல கம்பி எடுத்த ஆள் ஒராள்தான்."

மூன்றே முக்காலுக்குத் திரும்பி வந்தபோது கனகலிங்கம் பொலிசுக்குப் போவதற்காகச் செருப்புப் போட்டுக்கொண்டிருந்தார். தேனுகா காலையில் இருந்த அதே கதிரையில் இருந்தாள். தர்மிளா ஒரு வார்த்தையும் சொல்லாமல் காந்தத்தை மேசையிலிருந்த எட்டு வால்வுகளுக்கும் மேலாகக் கொண்டுபோனாள். ஒன்றிலும் ஒட்டவில்லை. காலையில் ஆறவிட்டுப் பார்த்த சோடியிலும் ஒட்டவில்லை.

"கோயில் வால்விலை ஒட்டுது," என்றாள். "ரெண்டிலையும்."

கனகலிங்கத்துக்கு வேறெதுவும் விளக்கத் தேவையிருக்கவில்லை. ஒரு செருப்போடு நின்றபடி அல்பேர்ட்டைப் பார்த்தார்.

"அல்பேர்ட்?"

அல்பேர்ட் நெருப்பை அணைத்தார். "மற்றப் பத்துக்கும் கடையிலை வாங்கின வெறும் செப்பைத்தான் விட்டனான். மாதாவுக்குப் பொய் வால்வு குடுக்க எனக்கு மனம் வரேல்லை, கனகு."

"எனக்குக் குடுக்க வந்துதோ?"

"சுவிஸ்காரன் வந்து படம் எடுத்தானே, ஞாபகமிருக்கோ? இன்ரநெற்றிலை போட்டான். 'கனகலிங்கத்தின் கைகள்' எண்டு. கை உன்ரையில்லை. என்ரை. நான் வாயாலை ஊதுறன், நீ பம்பாலை என்ரை மூச்சை உறிஞ்சி வெளியிலை விட்டுப்போட்டு உன்ரை பேரை ஒட்டுறாய்."

"சொல்லியிருக்கலாமே!"

"நீ கேட்டியோ? ஒரு தொகுதி செத்தால் ஓடிவந்து கேப்பாய் எண்டு நினைச்சன். 'அல்பேர்ட், நீ இல்லாட்டி இது சரிவராது, என்ன பிழையெண்டு பார்' எண்டு கேப்பாய் எண்டு. கேட்டால் அடுத்த நாளே சரியாக்கித் தந்திருப்பன். நீ என்னட்டை வரேல்லை. இவளட்டைப் போனாய்."

"அண்ணை, என்னிலை போட்டது நீங்கள்தானே," என்றாள் தேனுகா.

அல்பேர்ட் அவளைப் பார்க்கவில்லை.

"பெட்டியிலை பிழை எண்டு முதல் சொன்னது நீங்கள். இவர் முறைப்பாடு எழுதேக்கை பக்கத்திலை நிண்டது நீங்கள். நான் கொண்டு வந்த சாப்பாட்டை நேற்றும் பகிர்ந்து சாப்பிட்டனீங்கள்."

அல்பேர்ட் முகமூடிக் கண்ணாடியைக் கழற்றி வாங்கில் வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் பின்கதவால் வெளியே போனார். அவர் சைக்கிள் தாங்கியைத் தட்டும் சத்தம் கேட்டது. கனகலிங்கம் கூப்பிடவில்லை.

சட்டைப் பையிலிருந்து முறைப்பாட்டை எடுத்துக் கிழித்தார். துண்டுகளை எங்கே போடுவதென்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தார்.

"பிள்ளை, நாளைக்கு வேலைக்கு வா," என்றார். "நான் பிழை விட்டிட்டன்."

"வரமாட்டன், அங்கிள்."

"தேனுகா..."

"அண்ணை சொன்னவுடனை நம்பினீங்கள். நாலு வருசம் வேலை செய்த நான் சொன்னதை நம்பேல்லை. இனி நான் கட்டுற பெட்டி ஒவ்வொண்டையும் நீங்கள் திறந்து பாப்பியள்." அவள் கதிரையில் கொளுவியிருந்த பையை எடுத்தாள். 

அவர் மேசையில் கிடந்த வால்வுகளைப் பார்த்தார். ஐம்பத்தெட்டு வயது மனிதர், வழி தெரியாமல் நிற்பது போல நின்றார். "சுவிசுக்கு நான் என்னெண்டு எழுதுறது? இனி எந்தச் சுருளை, எந்தக் கையை நம்பிக் கண்ணாடிக்குள்ளை கம்பி விடுறது?"

தர்மிளா பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் வாசலில் நின்ற தேனுகா திரும்பினாள்.

"ஒருத்தற்றை கையையும் நம்பத் தேவையில்லை, அங்கிள். பெட்டியிலை பிழையில்லை, கம்பி செப்பு, ஆறேக்கை கண்ணாடியை விடக் கூடச் சுருங்கிக் காத்து உள்ளை போயிட்டுது எண்டு எழுதுங்கோ. இனி ஒவ்வொரு கம்பியையும் நெருப்புக்குக் கொண்டுபோக முதல் காந்தத்திலை பிடியுங்கோ. ஒட்டினால் கண்ணாடிக்குள்ளை விடுங்கோ. ஒட்டாட்டி விடாதேங்கோ."